ஆறு வீடுகள், பத்தொன்பது பேர்

மூன்றேகால் மணிக்குத் திரையில் வந்த செய்தியைச் செல்வலட்சுமி இரண்டு முறை படித்தாள்.

வித்தியாசம்: பூஜ்யம்.

அப்படி வர வழியே இல்லை. காலையில் அவளிடமிருந்து போன பக்கத்தில் பதினெட்டுத் தவறுகள் இருந்தன. அவற்றைச் செய்தவள் அவள்தான். தெரிந்தே செய்தாள்.

வெளியே மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றிருந்தது. ஜூலை மாதம் தேவிகுளத்துக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுகளில் மதியச் சாப்பாட்டோடு பகல் முடிந்துவிடும். அதன்பிறகு இருட்டும் வரை இருப்பது வெளிச்சமும் இல்லாத இருளும் இல்லாத ஒரு ஈரம். ஆறு வீடுகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் அந்த லயத்தில் ஐந்தாவது வீடு அவளுடையது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாலாம் வீட்டில் சோலையண்ணன் இருமினார். உள்ளே கட்டிலில் காய்ச்சலோடு தூங்கும் மகள் சோனாவின் மூச்சு, மூக்கடைப்பால் லேசாக விசிலடித்துக்கொண்டு வந்து போனது. எல்லாம் எப்போதும்போலத்தான். லயத்து நாய் மட்டும் காலையிலிருந்து கண்ணில் படவில்லை.

வேலை எளிமையானது. அமெரிக்காவின் பழைய காகிதங்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அவற்றில் கையால் எழுதியிருப்பதைப் பார்த்துக் கட்டங்களில் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள், ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கணினி ஒப்பிட்டு எத்தனை இடத்தில் மாறுகிறது என்று சொல்லும். இந்த லயத்தில் உட்கார்ந்து அவள் அடிப்பதைப் பாலக்காட்டில், கல்பாத்தியில் உட்கார்ந்து ஸ்ரீலேகா அடிப்பாள். மூன்று மாதங்களுக்கு முன் பாலக்காட்டில் ஒரு வாரப் பயிற்சி நடந்தபோது பழக்கமானவள்.

அந்தப் பயணம் செல்வலட்சுமிக்கு வேறொரு காரணத்துக்காகவும் மறக்கவில்லை. உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சி வழியாகக் கோவிந்தாபுரம் தாண்டியபோது பஸ்ஸின் இரண்டு பக்கமும் நிலம் தட்டையாக விரிந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இங்கன ஒருத்தர் ஒளியணும்னா எங்க போயி ஒளிவாக?" என்று கணவனிடம் கேட்டாள். ஈஸ்வரன் சிரித்தான். "ஏன், நீ என்னத்தத் திருடிட்டு வந்த?"

பயிற்சியில் சொன்னார்கள். இவை அடிமைகளைக் கணக்கெடுத்த தாள்கள். உடைமையாளரின் பெயர் மட்டும் முழுதாக இருக்கும். அவருக்குக் கீழே ஒரு வரிக்கு ஒரு ஆள். வயது, ஆணா பெண்ணா, நிறத்துக்கு ஒரு எழுத்து. பிறகு ஒரு சிறு கட்டம், தப்பி ஓடியிருந்தால் அதில் ஒரு கோடு. இன்னொரு கட்டம், விடுவிக்கப்பட்டிருந்தால். கடைசியில், அடிமைகளுக்கென்று எத்தனை வீடுகள். ஆட்களுக்குப் பெயர் கிடையாது. உங்கள் திரையில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு வரியிலும் 'காலி' என்ற விசையை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றார்கள்.

மூன்று மாதமாக அழுத்தினாள். காலி, காலி, காலி. 1850இல் ஜார்ஜியாவில் க்ரேடாக் என்று ஒருவர் வந்தார். அவருக்குக் கீழே முப்பத்தொரு வரி. பின்னால், 1860ஆம் வருடத் தாள்களில், டெக்சாஸில் அதே க்ரேடாக். மேற்கே பருத்திக்குப் புது நிலம் திறக்கத் திறக்க இவரும் ஆட்களை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். இருபத்தைந்து வயதுப் பெண் இப்போது முப்பத்தைந்து. ஐம்பது வயது ஆண் இப்போது அறுபது. ஆனால் முப்பத்தொன்று பத்தொன்பதாகியிருந்தது. பழைய தாளில் ஆறு வயதாக இருந்த குழந்தை பதினாறு ஆகியிருக்க வேண்டும். விரலை வைத்துத் தேடினாள். பதினாறு என்று ஒருவரும் இல்லை. அடுத்த வருடம் அந்த நாடே இரண்டாகப் பிளந்து போருக்குப் போனது, அதனால் இது இப்படி எடுத்த கடைசிக் கணக்கு என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசித் தடவையாவது ஒருத்தன் பேரைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தாள்.

அவளுடைய அம்மாவை இந்த எஸ்டேட்டில் முப்பது வருடம் இருநூற்றுப் பதினாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால்கூட இருக்கலாம். இன்று காலை காலி விசைக்குப் போன விரல் நின்றுவிட்டது. அறுபது, ஆண் என்ற வரியில் சோலை என்று அடித்தாள். ஐம்பத்தைந்து, பெண். முதல் வீட்டு வேலுத்தாய். முப்பத்தைந்து, பெண். ஆறாம் வீட்டு மாரீஸ்வரி. லயத்து ஆட்களை வயதுக்குப் பக்கமாகப் பார்த்து, சில வருடம் கூட்டிக் குறைத்து ஒவ்வொருவராக உட்கார வைத்தாள். ஈஸ்வரனின் வயதுக்கு வரி இல்லை. எட்டு, பெண் என்று வந்தபோது சோனா என்று அடித்தாள். ஒரு நிமிடம் அந்தத் தாள் ஆட்கள் நிறைந்த வாசல்போல இருந்தது. பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துக் காலி போட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் கரண்டு போனது, சார்ஜ் இல்லாத மடிக்கணினியும் அணைந்தது. வந்தபோது பக்கம் தானாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

பதினெட்டுப் பெயர். ஒரு வரியை மட்டும் அவள் தொடவில்லை. முப்பத்து நாலு, பெண். அது அவள் வயது. பிள்ளையின் பெயரைத் தயங்காமல் அடித்தவளுக்குத் தன் பெயரை அடிக்க மட்டும் கை வரவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கப் பயமாக இருந்தது.

ஸ்ரீலேகா பத்தொன்பது வரியிலும் காலி போட்டிருப்பாள். பதினெட்டு இடத்தில் மாறியிருக்க வேண்டும்.

செல்வலட்சுமி அந்தத் தாளின் படத்தைத் திறந்தாள். நெட்வொர்க் ஜன்னலோரம்தான் கிடைக்கும்; மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தாள். படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவதுபோல மெதுவாக வந்தது. மஞ்சள் தாள். மடிப்புத் தழும்பு. பழுப்பு மையில் க்ரேடாக் என்ற பெயர், வாலை நீட்டி. அதற்குக் கீழே, காலையில் வெறும் தாளாக இருந்த இடத்தில், அதே பழுப்பு மையில், அதே சாய்ந்த ஆங்கில எழுத்தில்,

சோலை.

வேலுத்தாய்.

அவள் படத்தை மூடினாள்.

மூடியபின்தான் வாசனை தெரிந்தது. ஈரத் தோல். செருப்புக்கடையில் வருவதுபோன்ற புதுத்தோல் வாசனை இல்லை; மிருகத்தின் வியர்வை குடித்துக் குடித்து ஊறிய பழைய தோல். அதோடு புகையிலை. சோலையண்ணன் போடுகிற வெற்றிலைப் புகையிலை இல்லை, இனிப்பாக, வெல்லம் கருகியதுபோல.

போனை எடுத்து ஸ்ரீலேகாவை அழைத்தாள்.

"நான் செல்வி. காலைல டெக்சாஸ் பக்கம் ஒண்ணு வந்துச்சுல்ல, க்ரேடாக்குன்னு. அதுல பேருக் கட்டத்துல நீங்க என்ன அடிச்சீங்க?"

"என்னத்தை அடிப்பேன்? இருந்ததைத்தான் அடிச்சேன். ஏன், தப்பா?"

"பேரு இருந்துச்சா?"

"இருந்துதே! நானே ஆச்சரியப்பட்டேனாக்கும். மூணு மாசமா பேரில்லாமத்தானே வந்துண்டிருந்தது, இதுல மட்டும் யாரோ மனசு எரங்கி எழுதியிருக்கானேன்னு. அதுவும் கேக்க நம்ம ஊர்ப் பேர் மாதிரி."

"கொஞ்சம் வாசிக்கிறீங்களா?"

"எல்லாத்தையுமா? பாலை அடுப்புல வெச்சிருக்கேன். பொங்கித்துன்னா நீதான் பஸ் ஏறி வந்து தொடைக்கணும், கேட்டயா?" அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். "சோலை, அறுபது. வேலுத்தாய், அம்பத்தஞ்சு. மாரீஸ்வரி, முப்பத்தஞ்சு. அப்பறம் ஒண்ணு பேரில்லே, முப்பத்துநாலு, பொம்மனாட்டி. கீழே வந்தா... சோனா, எட்டு." சிரிப்பு நின்றது. "செல்வி, சோனாங்கறது உன் பொண்ணு பேர்தானே?"

"ஆமா."

"கடைசிக் கட்டத்துல வீடு ஆறுன்னு போட்டிருக்கு. நீங்க இருக்கற எடத்துல எத்தனை வீடுன்னு சொன்னே?"

பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் போனில் கேட்டது. ஸ்ரீலேகா அதை அணைக்கப் போகவில்லை. அந்தச் சீறல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்து, தொடர்பு அறுந்தது.

செல்வலட்சுமி உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டாள். சூடு. கம்பளியை இழுத்துவிட்டாள். குழந்தை கண்ணைத் திறக்காமல், "அம்மா, யாரு கூப்பிட்டது?" என்றாள்.

"யாரும் கூப்பிடல. தூங்கு."

"கூப்பிட்டாக."

வாசலில் காலடி கேட்டது. மாரீஸ்வரி. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்தி, முதுகில் வெறும் தேயிலைக் கொழுந்துச் சாக்குடன் நின்றாள்.

"ஏட்டி, இன்னும் அந்தப் பொட்டி முன்னாலதான் இருக்கியா? இப்பிடியே இரு, ஒருநா வெள்ளக்காரிச்சியாட்டம் எந்திரிக்கப் போற."

"அதுக்குள்ள வேல விட்டாச்சா?"

"பனியில கொழுந்து எங்க தெரியுது, என் வெரலே எனக்குத் தெரியல. அறுத்துப் போட்டுருவேன்னு பயந்து வந்துட்டோம்." குரலைத் தாழ்த்தினாள். "மேல ரோட்டுல ஒருத்தரு குதிரமேல நிக்காரு. டூரிஸ்ட்ட ஏத்துற குதிர இல்லடி, அது கழுதைக்குத் தம்பி. இது மலயாட்டம் இருக்கு. கணக்கெடுக்க வந்துருக்காராம்."

"யாரு சொன்னா?"

மாரீஸ்வரி யோசித்தாள். "யாரும் சொல்லல. தெரிஞ்சிச்சு." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "வயசு கேட்டாரு. வர்ற மாசம் எனக்கு முப்பத்தேழு. வாயில முப்பத்தஞ்சுன்னு வந்துருச்சு. குமரியாகிட்டோம்னு எனக்கே சிரிப்பு. அவரு சிரிக்கல. தாள்ல பாத்துக்கிட்டாரு, முன்னாடியே எழுதியிருந்தாப்புல."

"வேற என்ன கேட்டாரு?"

"சோனா வயசக் கேட்டாரு. எட்டுன்னேன். சரிதான?"

சரிதான். சோனாவுக்கு மட்டும் அவள் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை.

"என்னக் கேக்கலையா?"

"ஒன்னையா?" மாரீஸ்வரி அவளைப் பார்த்தாள். கண் அவள் முகத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி, சுவரில் போய் நின்றது. "ஒன்னப் பத்தி ஒண்ணும் இல்லையே." பிறகு திரும்பி, பனிக்குள் ஆறாம் வீட்டுப் பக்கம் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

ஈஸ்வரனை அழைத்தாள். மூன்றாவது முயற்சியில் எடுத்தான். வட்டவடையில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ மூட்டையை எண்ணிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப வருவீங்க?"

"பனி இப்பிடியே இருந்தா ஏழாயிரும். பிள்ளைக்குக் காய்ச்ச கூடிருச்சா?"

"இல்ல. இங்கன யாரோ வந்துருக்காக."

"யாரு?"

என்ன சொல்வது? நான் பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றா? "கணக்கெடுக்க" என்றாள்.

"கதவச் சாத்திக்க. நான் வாரவரைக்கும் யாருக்கும் தொறக்காத. என்ன, கேக்குதா? செல்..." அவ்வளவுதான் கேட்டது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பின்கதவையும். சமையலறை ஜன்னலையும். அடுப்புச் சூடு, ஈரத் துணி, காய்ச்சல்காரப் பிள்ளையின் வியர்வை, எல்லாம் சேர்ந்த வீட்டு வாசனைக்குள் அந்தத் தோல் வாசனை கதவிடுக்கு வழியாக நூல்போல வந்துகொண்டிருந்தது. கரண்டு மறுபடியும் போனது. மடிக்கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் ஜன்னல் திண்டில். அதில் மூடுபனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அது அசையவில்லை. பனி என்றால் நகரும், சுருளும், ஒரு மரத்தைக் காட்டி மறைக்கும். இது சுவருக்கு வெள்ளை அடித்ததுபோல இருந்தது.

கல்லில் லாடச் சத்தம்.

லயத்தின் முன்னால் எஸ்டேட் ஆரம்பித்த காலத்தில் பாவிய கல்தளம் அது. ஜீப் வந்தால் கடகடவென்று ஒரு சத்தம் வரும், செருப்புக் காலுக்கு வேறு சத்தம். இது நாலு காலின் சத்தம். அவசரமே இல்லாமல் வந்து, முதல் வீட்டு முன்னால் நின்றது.

கதவில் தட்டல். விரலால் இல்லை. பிரம்பின் அடிக்கட்டைபோல ஏதோ. மூன்று முறை. கதவு திறந்தது. வேலுத்தாயின் குரல், பள்ளியில் டீச்சருக்குப் பதில் சொல்லும் பிள்ளைபோல:

"அம்பத்தஞ்சு."

பேனா தாளில் கீறும் சத்தம். அவ்வளவு தூரத்தில் அது எப்படிக் கேட்கும்? கேட்டது. காதுக்குள் கீறியதுபோலக் கேட்டது. பிறகு வெறுங்கால்கள் கல்லில் இறங்கி நின்றன. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஏன், எதற்கு, எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. கதவு மூடவில்லை.

இரண்டாம் வீடு. மூன்று தட்டல். நாலு குரல்கள், நாலு எண்கள். எல்லாம் அவள் அடித்த எண்கள்.

மூன்றாம் வீடு.

ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினாள். "சோலண்ணே! சோலண்ணே, கதவத் தொறக்காதீக!"

அந்தப் பக்கம் இருமல். பிறகு சோலையண்ணனின் சலிப்பான குரல், "யாரு அது செவுத்துல?"

"நாந்தாண்ணே."

"நாந்தான்னா யாரு?"

பெயரைச் சொன்னாள். தன் வாயில் தன் பெயர் பொய்போல ஒலித்தது. மூன்று தட்டல், நாலாம் வீட்டில். செருப்பைத் தேடும் சத்தம். கதவு.

அறுபத்து நாலு வயது என்று டீக்கடையில் நெஞ்சைத் தட்டிச் சொல்கிற மனிதர் அவர். நம்பாவிட்டால் பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

"அறுபது" என்றார் சோலையண்ணன்.

இருமல் நின்றது. பாதி இருமலில், தொண்டையிலேயே நின்றது.

பேனா கீறியது.

அடுத்தது ஐந்தாம் வீடு.

மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்தாள். க்ரேடாக் பக்கத்தை மறுபடி திறந்தாள். வித்தியாசம் பூஜ்யம் என்று வந்துவிட்டால் பெயரையும் வயதையும் யாரும் தொட முடியாது, அவை பூட்டிக்கொள்ளும். ஓரத்துச் சிறு கட்டங்கள் இரண்டும் மட்டும் மாலை ஐந்து வரை திறந்திருக்கும். அந்தக் கோடுகள் மங்கலாக இருக்கும் என்பதால் மறுபடி பார்த்துத் திருத்த அனுமதி. மணி நாலு நாற்பது.

சோனாவின் வரிக்குப் போனாள். விடுவிக்கப்பட்டவர். ஒன்று என்று அடித்தாள்.

படத்தில் இல்லாத மதிப்பு. ஏற்கப்படவில்லை.

மறுபடி அடித்தாள். ஏற்கப்படவில்லை. இன்னொரு முறை. காலையில் பதினெட்டுப் பெயரை வாய் மூடி வாங்கிக்கொண்ட இயந்திரம் இது.

லாடச் சத்தம் நகர்ந்தது. நாலு அடி. அவள் வாசலுக்கு நேராக நின்றது. குதிரை மூச்சு விட்டது. கதவுப் பலகையில் அது படுவது உள்ளே கேட்டது.

மிச்சம் ஒரு கட்டம்தான். தப்பி ஓடியவர். வீட்டில் இல்லாத ஆளைக் கூப்பிட முடியாது என்று மட்டும் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. சோனாவின் வரியில், அந்தக் கட்டத்தில், கோடு போட்டாள்.

திரை ஒரு நொடி யோசித்தது.

ஏற்கப்பட்டது. வித்தியாசம்: பூஜ்யம்.

பக்கத்தின் படத்தில், எட்டு என்ற எண்ணுக்கு வலப்புறம், பழுப்பு மை ஊறி ஒரு சிறு கோடாக எழுந்து நின்றது.

வாசலில் தட்டல் விழவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து. இருபது. பிறகு லாடம் கல்லில் திரும்பியது. ஆறாம் வீட்டுக்குப் போனது. மூன்று தட்டல். "முப்பத்தஞ்சு" என்றாள் மாரீஸ்வரி.

செல்வலட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போய்விட்டான். பிள்ளை இங்கே இருக்கிறாள், மூச்சு விசிலடிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, போதும். லயத்தில் மற்ற பதினேழு பேரும் பனிக்குள் வரிசையாக நிற்பதை அவள் அறிவாள். அவர்களுக்காக அழவில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே குதிரைமேல் இருந்தவனின் குரல் கேட்டது. முதல் முறையாக. வார்த்தை புரியவில்லை, கேள்வி என்பது மட்டும் புரிந்தது. அதற்கு மாரீஸ்வரி பதில் சொன்னாள். கோபமில்லாத குரல், வஞ்சமும் இல்லாத குரல். நேற்றுச் சாயங்காலம் சோனாவுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்த அதே குரல்.

"அஞ்சாம் வீட்டுல. பின்கதவு உண்டு."

ஒரு விசில். நீளமாக.

எங்கோ தூரத்தில், மேட்டில், நாய்கள்.

ஒன்றல்ல. லயத்து நாயின் குரலும் அல்ல. ஆழமான, இழுத்து இழுத்துக் குரைக்கும் குரல்கள். ஒன்று ஆரம்பித்து இன்னொன்று வாங்கிக்கொண்டது.

ஓடியவளாக எழுதியது அவள்தான். ஓடியவர்களைத் தேடுவதற்கு என்ன வைத்திருந்தார்கள் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

கம்பளியோடு குழந்தையை வாரினாள். சோனா தூக்கத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், உடம்பு அடுப்புபோலச் சுட்டது. கதவுக்குப் போகும்போது திரை கண்ணில் பட்டது. பெயரில்லாத அந்த வரி, முப்பத்து நாலு, பெண். அதன் ஓரத்திலும், அவள் போடாத ஒரு கோடு நின்றிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பெரியதும் சிறியதும்.

பின்கதவைத் திறந்து இறங்கினாள். ஐந்து படி, பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு தேயிலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவுச் சந்தில் குனிந்து நூறு அடி இறங்கினால் ஓடை. ஓடையில் கால் வைத்தால் வாசனை போய்விடும். ஓடைக்கு அப்பால் காடு. குனிந்து ஓடினாள். செடிகள் இரண்டு பக்கமும் உரசின. வெள்ளை. கண்ணுக்கு முன்னால் வெள்ளை மட்டும்.

"அம்மா."

"ச்சூ."

"அம்மா, குத்துது."

கையில் கீறல் எரிந்தது. தேயிலை இப்படிக் கீறாது. காய்ந்த, முள்ளான ஏதோ. ஓடினாள். நூறு அடி ஆகியிருக்கும். ஓடை வரவில்லை. இருநூறு. கால்கள் இன்னும் இறங்கவில்லை.

இறக்கம் இல்லை.

நின்றாள். மலையில் பிறந்த கால்கள் அவை. சரிவைத் தேடித் தடவின. காலுக்குக் கீழே மண் உலர்ந்து, சூடாக, தட்டையாக இருந்தது. மழை எப்போது நின்றது? பூட்டிய அறைபோலப் புழுக்கம். தகரக் கூரைச் சொட்டு இல்லை. ஓடைச் சத்தம் இல்லை.

மூடுபனியைப் பார்த்தாள். அது விலகுவதற்காகக் காத்திருந்தாள். பிறகு கையை நீட்டித் தொட்டாள்.

பஞ்சு.

காய்ந்த ஓட்டிலிருந்து வெடித்துத் தொங்கும் பஞ்சு. கைக்கு எட்டியதும் அதுதான், கண்ணுக்கு எட்டியதும் அதுதான். மார்பளவு உயரத்தில், வரிசை வரிசையாக, மலை இருந்த இடத்தில் மலை இல்லாமல், வானம் மண்ணைத் தொடும் கோடு வரை ஒரே வெள்ளை. ஒரு மரம் இல்லை. ஒரு மேடு இல்லை.

நாய்கள் குரைப்பதை நிறுத்தியிருந்தன.

மகளின் முகத்தை மார்போடு அழுத்தி, வாயை உள்ளங்கையால் மூடி, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். குழந்தையின் மூச்சு விசிலடித்தது. சின்னச் சத்தம்தான். அந்தச் சமவெளி முழுவதும் அது ஒன்றுதான் சத்தம்.

தூரத்தில், காற்றே இல்லாத வெள்ளையில், செடிகளின் தலைகள் அசைந்தன. ஒரே நேர்கோடாக. பிறகு இன்னொரு கோடு. பிறகு மூன்றாவது. ஒன்றும் அவசரப்படவில்லை. மூன்றும் ஒரே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன.